கல்லில் பேசும் மன்னர்கள்: வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வரலாறு நடத்தும் ஆசிரியர்களுக்கு,



சோழர் பாடம் தொடங்கியதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதை உங்களில் பெரும்பாலோர் கண்டிருப்பீர்கள். கதையிலும் திரைப்படத்திலும் ஏற்கெனவே கேட்ட பெயர்கள் அவை. முதலாம் ராஜராஜன் வென்ற நாடுகள், முதலாம் ராஜேந்திரன் கங்கை வரை படை அனுப்பியது, கடல் கடந்து கடாரம் கொண்டது என்று கரும்பலகையில் ஒரு பட்டியல் ஏறும். தேர்விலும் அதையே கேட்பார்கள், பிள்ளைகளும் அதையே எழுதுவார்கள். அந்தப் பட்டியலை முதன்முதலில் எழுதியவர் யார் என்ற கேள்வி மட்டும் வகுப்பறையில் அநேகமாக எழுவதில்லை. அதை எழுப்பும்படி கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

எழுதியது அந்த மன்னர்களின் சொந்த அரசவை. ராஜராஜன் தன் ஆட்சியின் எட்டாம் ஆண்டு வாக்கில், அதாவது 993ஐ ஒட்டி, தன் வெற்றிகளை அகவல் நடையில் வரிசைப்படுத்தும் ஒரு முன்னுரையைக் கல்வெட்டுகளின் தலைப்பில் பொறிக்கும் வழக்கத்தைத் தொடங்கினான். அதுவே மெய்க்கீர்த்தி. அதற்கு முந்தைய சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலும் ஓர் அடைமொழியோடு காரியம் முடிந்துவிடும். முதலாம் பராந்தகன் 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்று குறிக்கப்பட்டான். பாண்டியன் வீரபாண்டியன் தன்னைச் 'சோழன் தலைகொண்ட'வன் என்று பொறித்துக்கொண்டான். பிறகு ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் 'வீரபாண்டியன் தலைகொண்ட'வன் ஆனான். இப்படி இரண்டு மூன்று சொற்களில் அடங்கியிருந்த பெருமைதான் ராஜராஜன் காலத்தில் ஒரு பாட்டாக நீண்டது.

பாட்டு ஆண்டுக்கு ஆண்டு வளரவும் செய்தது. ஒரு போர் முடிந்தால் ஒரு வரி கூடும். வேங்கைநாடு, கங்கபாடி, நுளம்பபாடி, குடமலைநாடு, கொல்லம், கலிங்கம், ஈழம், இரட்டபாடி என்று நாடுகள் சேர்ந்துகொண்டே போய், கடைசியில் கடலிலுள்ள பழந்தீவுகளும் சேர்ந்தன. மகன் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி இன்னும் நீளம். 1025 வாக்கில் நடந்த கடற்படையெடுப்பில் தாக்கப்பட்டதாக அது சொல்லும் ஊர்கள் ஒரு டஜனுக்கு மேல். ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், நக்கவாரம், கடாரம் என்று சுமத்ராவையும் மலாய்த் தீபகற்பத்தையும் நிக்கோபாரையும் சுற்றி வருகிறது அந்த வரிசை.

இந்த வரிகளுக்கு வரலாற்றாய்வு மிகவும் கடன்பட்டிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் யார் என்பதே 19ஆம் நூற்றாண்டில் குழப்பமாக இருந்தது. அதன் கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் படித்து வெளியிட்ட பிறகுதான் ராஜராஜன் பெயர் ஐயமின்றி நிலைபெற்றது. ஸ்ரீவிஜயம் என்றொரு கடற்பேரரசு இருந்ததை 1918ல் ஜார்ஜ் செதேஸ் எடுத்துக்காட்டியபோதும் தஞ்சையில் உள்ள ராஜேந்திரனின் கல்வெட்டு அவருக்குப் பெருந்துணையாக இருந்தது. எந்த வெற்றி எந்த ஆட்சியாண்டில் பாட்டுக்குள் நுழைகிறது என்று பார்த்தே போர்களின் காலத்தைக் கணக்கிட முடிகிறது. ஆகவே மெய்க்கீர்த்தியைத் தூக்கி எறியும்படி இம்மடல் கேட்கவில்லை. அது ஒரு தரப்பின் வாக்குமூலம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றுதான் கேட்கிறது.

அது எங்கே பொறிக்கப்பட்டது என்பதிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம். மெய்க்கீர்த்தி பெரும்பாலும் தனியாக நிற்பதில்லை. ஓர் ஊர்ச் சபை நிலம் விற்ற ஆவணம், ஒரு பெண் கோயில் விளக்குக்கு ஆடுகள் விட்ட செய்தி, ஏரிப் பராமரிப்புக்குப் பொன் வைத்த கணக்கு என எதுவானாலும் அதன் தலையில் இது ஏறி உட்கார்ந்திருக்கும். நிலம் வாங்கியவருக்கு உரிமை நிலைக்க வேண்டும், அதற்குக் கல்லில் வெட்டியாக வேண்டும். வெட்டும்போது ஆட்சியாண்டைக் குறிப்பிட வேண்டும், ஆட்சியாண்டோடு மன்னனின் வெற்றிகளும் வந்துவிடும். தங்கள் காரியத்துக்காகக் கல்வெட்டு வைத்த ஊர் மக்களே அரசனின் புகழைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தனியே ஒரு வெற்றித்தூண் நட்டால் அதை அந்த ஊரில் மட்டும்தான் பார்க்க முடியும். மெய்க்கீர்த்தியோ காவிரிக்கரையிலிருந்து கோலார் வரை, கடல் கடந்து ஈழம் வரை, சோழர் ஆவணம் போன இடமெல்லாம் போனது.

பாட்டின் தொடக்கத்தையும் கவனிக்க வேண்டும். திருமகளைப் போலவே நிலமகளும் மன்னனுக்கு உரிமை மனைவி ஆகிவிட்டாள் என்ற கருத்தோடுதான் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி தொடங்குகிறது. அதை வெறும் கவிதை அலங்காரம் என்று தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் ஒரு நில விற்பனைப் பத்திரத்தின் முதல் வாசகமே இந்தப் பூமி அரசனுக்கு உரியவள் என்று அறிவிக்கும்போது, விற்பவரும் வாங்குபவரும் யாருடைய உரிமைக்குக் கீழே நிற்கிறார்கள் என்பது அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

வடதமிழ்நாட்டில், காஞ்சிபுரத்துக்குத் தெற்கே செய்யாறு வட்டாரத்தில் உக்கல் என்றோர் ஊர். அங்குள்ள பெருமாள் கோயிலில் ராஜராஜனின் 24ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆண்டு 1009, தஞ்சையில் பெரிய கோயில் முடியும் தறுவாய். நிலமகள் மனைவியானது, வென்ற நாடுகள் என்று மெய்க்கீர்த்தி முடிந்ததும் கல்லின் குரல் மாறுகிறது. சோழநாட்டிலும் தொண்டைநாட்டிலும் பாண்டிநாட்டிலும் பிராமணர், வைகானசர், சமணர் ஆகியோரின் ஊர்களில், 16ஆம் ஆட்சியாண்டு முதல் 23ஆம் ஆண்டு வரையிலான நிலவரியைச் சரியாகக் கட்டாதவர்களைப் பற்றி அரசன் ஆணையிடுகிறான். இரண்டு முழு ஆண்டுகள் கடந்தும் பாக்கி வைத்திருப்பவரின் நிலத்தை ஊராரே விற்றுவிடலாம், நிலத்தை இழந்தவர் அதன்மேல் உரிமை கொண்டாட முடியாது. மேலே வெற்றி முழக்கம், அதற்கு நேர் கீழே ஜப்தி உத்தரவு. இரண்டும் ஒரே உளியால் வெட்டியவை.

எட்டாண்டு வரிக்கணக்கை ஊர்வாரியாக வைத்திருந்த நிர்வாகம் அது என்று இந்தக் கல்லைப் பார்த்து வியக்கலாம். வியக்கத்தான் வேண்டும். அதே நேரம், அந்த எட்டாண்டுகளில் வரி கட்ட முடியாமல் போன குடும்பங்கள் எத்தனை, மழை பொய்த்ததா, வெள்ளம் வந்ததா என்று கேட்டால் கல்லிடம் பதில் இல்லை. அந்த வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டுவதும் ஆசிரியரின் வேலைதான். பாடப்புத்தகம் இதைச் செய்யாது, அதற்கு அத்தனை இடமும் கிடையாது.

மெய்க்கீர்த்தி வாய் திறக்காத இடங்கள் வேறு சிலவும் உண்டு. ஆதித்த கரிகாலன் கொலையுண்டது இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில் உள்ள கல்வெட்டு, அந்தக் கொலைக்காகத் துரோகிகள் எனப்பட்ட சோமன், ரவிதாசன் முதலியோரின் உறவினர் சொத்துகளைப் பற்றிப் பேசுகிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது என்று பொதுவாகக் கொள்ளப்படும் ஆவணம் அது. கொலைக்கும் ராஜராஜன் முடிசூடியதற்கும் இடையில் உத்தம சோழன் 15 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டுவிட்டான். இவ்வளவு பெரிய விஷயத்தைப் பற்றி மெய்க்கீர்த்தியில் ஒரு சொல் இல்லை. ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளின் வடமொழிப் பகுதியில் இதற்கு ஒரு விளக்கம் வருகிறது. மக்கள் அருண்மொழியையே, அதாவது ராஜராஜனையே, விரும்பினார்களாம். சிற்றப்பன் உத்தம சோழனுக்கு நாட்டின்மேல் ஆசை இருக்கும்வரை தனக்கு அரசு வேண்டாம் என்று அவனே மனதார ஒதுங்கிக்கொண்டானாம். உண்மையில் நடந்தது அதுவாகவும் இருக்கலாம். ஆனால் சொல்வது யார் என்று பாருங்கள்: அந்த அருண்மொழியின் மகனுடைய அவைப்புலவர்.

அரியணை உரிமையில் ஒரு கேள்வி தொக்கி நிற்கும் இடங்களில் அரசர்களின் பதிவுக் குரல் உரத்து ஒலிப்பதை மீண்டும் மீண்டும் காண முடிகிறது. முதலாம் குலோத்துங்கன் 1070ல் சோழ அரியணை ஏறியவன். தந்தை வழியில் அவன் வேங்கிச் சாளுக்கியன், ராஜராஜ நரேந்திரனின் மகன். தாய் அம்மங்கை முதலாம் ராஜேந்திரனின் மகள், அந்த வழியில்தான் சோழ உறவு. அவனுக்கு முன் ஆண்ட அதிராஜேந்திரன் முடிசூடிச் சில வாரங்களிலேயே மறைந்தான். ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி, அரசனின்றிச் சீரழிந்துகொண்டிருந்த நாட்டைக் காக்க வந்தவனாகக் குலோத்துங்கனைக் காட்டுகிறது. கல்யாணிச் சாளுக்கியரின் அவைப்புலவர் பில்ஹணரோ, தங்கள் மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் அரியணையில் அமர்த்திவிட்டு வந்த அதிராஜேந்திரன் கலகத்தில் கொல்லப்பட்டான், 'ராஜிகன்', அதாவது குலோத்துங்கன், நாட்டைப் பறித்துக்கொண்டான் என்று எழுதினார். ஒரே நிகழ்ச்சிதான், ஓர் அவையில் மீட்பாகவும் மற்றோர் அவையில் பறிப்பாகவும் பதிவாகியிருக்கிறது. இந்த விக்கிரமாதித்தன் அதிராஜேந்திரனின் மைத்துனன் என்பதால் பில்ஹணரையும் நடுநிலைச் சாட்சியாகக் கொள்ள வழியில்லை.

இதே கதை சோழர்களுக்கு 1500 ஆண்டுகளுக்கு முன்பே பாரசீகத்தில் நடந்திருக்கிறது. பொ.ஆ.மு. 520ஐ ஒட்டி முதலாம் டேரியஸ், பெகிஸ்தூன் மலைச்சரிவில், மூன்று மொழிகளில் தன் வரலாற்றை வெட்டுவித்தான். முந்தைய அரசனின் தம்பி என்று ஏமாற்றி அரியணையில் இருந்த கௌமாதா என்பவனைத் தான் கொன்றதாகவும் தனக்கே உரிமை உண்டென்றும் அது சொல்கிறது. கீழே நிற்பவர் எவரும் அந்த எழுத்துகளைப் படிக்க முடியாது, அவ்வளவு உயரம். அதனால் அதன் படிகள் மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டன. எகிப்தின் எலிபன்டைன் தீவில் அரமேய மொழிப் படி ஒன்று கிடைத்திருக்கிறது. ஒரே வாசகத்தை நாடெங்கும் பரப்பும் இந்த உத்தியைத்தான் சோழர் அவை, ஊர் ஆவணங்களின் வழியாகச் செய்தது.

இனி எதிர்த்தரப்பின் கல்லுக்கு வரலாம். வட கர்நாடகத்தின் ஹொட்டூரில் 1007ஐச் சேர்ந்த ஒரு கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. மேலைச் சாளுக்கிய மன்னன் சத்யாசிரயன் காலத்தது. ராஜராஜனின் மகன் 9 லட்சம் பேர் கொண்ட படையோடு வந்து நாட்டைச் சூறையாடியதாகவும், பெண்களையும் குழந்தைகளையும் பிராமணர்களையும் கொன்றதாகவும், பெண்களைப் பிடித்துச் சென்றதாகவும் அது குற்றஞ்சாட்டுகிறது. பிறகு சத்யாசிரயன் சோழனை விரட்டியடித்து அவன் தளவாடங்களைக் கைப்பற்றினான் என்று முடிக்கிறது. இந்தப் பக்கமோ அதே சாளுக்கிய நாடான இரட்டபாடியை வென்றதாக ராஜராஜனின் மெய்க்கீர்த்தி பாடுகிறது. ஒரே போர், இரண்டு வெற்றியாளர்கள்.

ஹொட்டூர்க் கல்வெட்டைச் சொன்னவுடன் அதுதான் உண்மை என்று தாவிவிடவும் கூடாது. 9 லட்சம் என்ற எண் நம்பத்தக்கதல்ல. எதிரியின் படை பெருகப் பெருக அவனை விரட்டியவனின் புகழும் பெருகும். ஆனால் அந்த எண்ணை ஒதுக்கிவிட்டாலும் படை போன வழியில் ஊர் மக்கள் பட்ட பாடு அந்தக் கல்லில் தங்கிவிட்டிருக்கிறது. சோழர் கல்லில் அது இல்லை, இருக்கவும் செய்யாது.

ஈழத்தைப் பற்றிய பதிவுகளில் இன்னொரு விதமான பாடம் இருக்கிறது. ஈழத்து மன்னனின் முடி, அவன் தேவியரின் முடி, முன்பு பாண்டியன் அங்கே அடைக்கலம் வைத்துவிட்டுப் போன முடி, இந்திரன் ஆரம் ஆகியவற்றைக் கைப்பற்றியதை ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி பெருமையோடு அடுக்குகிறது. சிங்களரின் சூளவம்சமும் அதே படையெடுப்பை விவரிக்கிறது. ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டது, முடியும் அணிகலன்களும் சோழநாட்டுக்குப் போனது எல்லாம் அதிலும் உண்டு. கூடவே விகாரைகள் உடைக்கப்பட்டு அவற்றின் செல்வம் அள்ளிச் செல்லப்பட்டதையும் அது சொல்கிறது. நிகழ்ச்சியைப் பற்றி இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை. அதற்கு வைத்த பெயர்தான் வேறு: இங்கே வீரம், அங்கே கொள்ளை.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1070ல், முதலாம் விஜயபாகு பொலன்னறுவையைச் சோழரிடமிருந்து மீட்டான். குலோத்துங்கனின் மெய்க்கீர்த்திகள் அந்த இழப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. விஜயபாகு வெளியிட்ட பனாகடுவைச் செப்பேடு இந்தப் பதிவுகளுக்கு நடுவே தனித்து நிற்கும் ஆவணம். இளமையில் தானும் தன் குடும்பமும் பகைவருக்கு அஞ்சிக் காட்டில் ஒளிந்திருந்த நாள்களில் தங்களைக் காத்து உணவளித்த புதல்நாவன் என்ற அதிகாரிக்கு நன்றிக்கடனாக உரிமைகளை வழங்குகிறது அது. ஓர் அரசன் தன் நிர்க்கதியான காலத்தை வெளிப்படையாகப் பதிவுசெய்வது அபூர்வம். அதிலும் அரசியல் பயன் இல்லாமல் இல்லை. துன்பப்பட்டு மீண்டவன் என்ற பெயரும் அரசனுக்கு வலிமைதான்.

சீனத்தில் நிலைமை இன்னும் விசித்திரம். கடாரம் சோழர் வசமானதாக ராஜேந்திரன் பொறித்து முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னும், சோங் அரசவையின் 1106ஐச் சேர்ந்த குறிப்பொன்று சோழநாட்டை ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கிய நாடாகக் காட்டுகிறது. சீனத் துறைமுகங்களில் யாருடைய தூதர்கள் எதைச் சொன்னார்களோ அது அங்கே பதிவாகியிருக்கிறது.

சோழர், சாளுக்கியர் போர்களில் மிகவும் மனதைத் தொடுவது கூடல்சங்கமத்துக் கதை. சென்னைக்கு அருகில் உள்ள மணிமங்கலத்துக் கோயிலில் சோழ மன்னன் வீரராஜேந்திரனின் நீண்ட மெய்க்கீர்த்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. கூடலில் மறுபடி போருக்கு வருவதாகச் சாளுக்கிய மன்னன் முதலாம் சோமேசுவரன் ஓலை அனுப்பினான், வீரராஜேந்திரன் குறித்த இடத்தில் ஒரு மாதம் காத்திருந்தான், சாளுக்கியன் வரவில்லை, அஞ்சி ஓடி ஒளிந்தான் என்று அது ஏளனம் செய்கிறது. துங்கபத்திரைக் கரையில் வெற்றித்தூண் நாட்டியதையும் சோமேசுவரனைப் போல் உருவம் செய்து இழிவுபடுத்தியதையும்கூடச் சொல்கிறது. சாளுக்கியர் தரப்பின் பதிவு வேறு. சோமேசுவரன் தீராத காய்ச்சலில் விழுந்தான், 1068ல் குருவத்தி என்ற இடத்தில் துங்கபத்திரைக்குள் இறங்கித் தன் உயிரை முடித்துக்கொண்டான். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், கோழை என்று ஒரு கல் சொன்ன மனிதன் நோயாளியாகக்கூட இருந்திருக்கலாம் என்ற எண்ணம் தவிர்க்க முடியாமல் வருகிறது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இது புரியும். வகுப்பறைச் சண்டைகளில் இரு தரப்புக் கதைகளைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் அவர்கள்.

சொந்தத் தோல்வியைப் பதிவு செய்வதிலும் அரசவைகளுக்குத் தேர்ச்சி உண்டு. 1054ல் சாளுக்கியரோடு மோதிய கொப்பத்துப் போர்க்களத்தில் சோழன் முதலாம் ராஜாதிராஜன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். தம்பி இரண்டாம் ராஜேந்திரன் அங்கேயே முடிசூடிப் போரைத் திருப்பினான் என்று அவன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. இறந்தவனைப் பிற்காலச் சோழர் கல்வெட்டுகள் 'யானைமேல் துஞ்சின தேவர்' என்று மரியாதையோடு குறிக்கின்றன. அண்ணிகேரியில் உள்ள 1071ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டோ, சமணக் கோயில்களை எரித்த பாவத்துக்குத் தண்டனையாகச் சோழன் தலையை இழந்தான் என்கிறது.

இதெல்லாம் அரசர்களுக்கே உரிய குணம், எவரும் உண்மை பேசவில்லை என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதற்கு மருந்து அசோகன். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதையும் ஒன்றரை லட்சம் பேர் பெயர்த்துச் செல்லப்பட்டதையும் தன் 13ஆம் பாறைக் கட்டளையில் வருத்தத்தோடு ஒப்புக்கொண்ட அரசன் அவன். உலக அரசர்களின் பதிவுகளில் இதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் அதே கட்டளை, கலிங்கத்திலேயே உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் பொறிக்கப்படவில்லை. அங்கே அதற்குப் பதில் அதிகாரிகளுக்கான வேறு கட்டளைகள் இருக்கின்றன. பாதிக்கப்பட்ட மக்களின் மண்ணில் மட்டும் அந்த ஒப்புதல் இடம்பெறவில்லை என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? வகுப்பில் அரை மணி நேரம் விவாதிக்கத் தகுந்த கேள்வி இது.

அசோகனின் தூண் ஒன்றில், இன்று அலகாபாத் கோட்டையில் நிற்கும் தூணில், ஆறு நூற்றாண்டு கழித்துச் சமுத்திரகுப்தனின் வெற்றிப் பட்டியலை ஹரிசேனர் எழுதிப் பொறித்தார். காஞ்சியின் விஷ்ணுகோபனைப் பிடித்து விடுவித்ததும் அதில் உண்டு. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரும் தன் முன்னோர் வரிசையை அதே தூணில் வெட்டுவித்தார். பழைய அரசனின் கல்லில் இடம் பிடிப்பதும் அவனுடைய கௌரவத்தில் பங்கு கேட்பதுதான்.

காஞ்சிபுரத்துக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப் போகிறவர்கள் கைலாசநாதர் கோயிலில் ஒரு தூணைத் தேடிப் பாருங்கள். பல்லவன் கட்டிய கோயிலில் கன்னடக் கல்வெட்டு! பொறித்தவன் வாதாபிச் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன். 642ல் பல்லவன் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்து அங்கே பாறையில் தன் வெற்றியைப் பொறித்ததற்கு நூறாண்டு கழித்துக் கிடைத்த மறுமொழி அது. நகருக்குள் நுழைந்தேன், கோயிலின் செல்வத்தைக் கண்டேன், எடுக்கவில்லை, இறைவனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்ற பொருளில் அவன் சொல்கிறான். அழிக்கும் ஆற்றல் இருந்தும் அழிக்காமல் விட்டவன் என்ற புகழ், எதிரியின் வீட்டுத் தூணிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் செய்ததும் இதுவே. தஞ்சையையும் உறந்தையையும் தீக்கிரையாக்கியதை மெய்க்கீர்த்தியில் கொண்டாடியவன், பட்டினப்பாலைக்குப் பரிசாகக் கரிகாலன் கொடுத்த பதினாறு கால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறையில் உள்ள பாட்டுக் கல்வெட்டு சொல்கிறது. எரிந்த வீடுகளுக்கு நடுவே ஒரு மண்டபம் தப்பியது தமிழ்ப்பற்று என்று பதிவானது. ஊர் எரிந்தபோது அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை.

இப்படிக் கற்பித்தால் தமிழர் பெருமை குறைந்துவிடும் என்று பெற்றோர் சிலர் வருத்தப்படலாம். உங்களில் சிலருக்கே அந்தத் தயக்கம் இருக்கக்கூடும். அந்த அச்சத்துக்கு இடமில்லை. மெய்க்கீர்த்தி முடியும் இடத்தில் தொடங்கும் செய்திகள்தான் உண்மையில் வியப்புக்குரியவை. தஞ்சைப் பெரிய கோயிலில் தான் கொடுத்ததை மட்டுமல்லாமல் அக்கன் கொடுத்ததையும் தேவியர் கொடுத்ததையும் மற்றவர்கள் கொடுத்ததையும் சேர்த்து வெட்டும்படி ராஜராஜன் ஆணையிட்டான். பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைக்கப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர், அவர்கள் வந்த ஊர், குடியேறிய தெருச்சிறகு, எத்தனையாவது வீடு என்பது வரை அங்கே இருக்கிறது. ஆளுக்கொரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். குஞ்சரமல்லன் என்ற ராஜராஜப் பெருந்தச்சன் பெயரும் உண்டு. வரி நீக்கப்பட்ட நிலங்களின் கணக்கில் ஊர்நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று தனித்தனியே வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊர் எப்படிப் பிரிந்து கிடந்தது, யார் எங்கே வாழ வைக்கப்பட்டார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேறு எங்கே கிடைக்கும்?

அரசனுக்கு எதிரான குரலும் கல்லில் உண்டு. 1429ல், விஜயநகர ஆட்சியில், மயிலாடுதுறைப் பக்கத்துக் கொறுக்கையிலும் வேறு சில ஊர்களிலும் வலங்கை 98, இடங்கை 98 பிரிவினர் ஒன்றுகூடினர். அதிகாரிகளும் நிலக்காரர்களும் வாங்கும் முறையற்ற வரிகளைக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்து, எது கொடுக்கத் தக்கது என்பதையும் தாங்களே வரையறுத்துக் கோயில் சுவரில் வெட்டினார்கள். மன்னர்கள் பயன்படுத்திய அதே சுவர். கங்கை கொண்ட கதைக்குப் பாடநூலில் ஒரு பக்கம் கிடைக்கும்போது கொறுக்கைக்கு நாலு வரியாவது கிடைக்க வேண்டும். அது கிடைக்கும்வரை நீங்கள்தான் சொல்லியாக வேண்டும்.

செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஊருக்குப் பக்கத்தில் பழைய சிவன் கோயிலோ பெருமாள் கோயிலோ இருந்தால், தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் அதன் வாசகம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு சுவருக்கு முன்னால் போய் நில்லுங்கள். மெய்க்கீர்த்தி எங்கே முடிகிறது, ஊர்க்காரியம் எங்கே தொடங்குகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். அதில் வரும் பெயர்களில் அரசனைத் தவிர வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள், எந்த வாய்க்கால் இன்னும் ஓடுகிறது, எந்த ஏரி காணாமல் போயிற்று என்று விசாரிக்கட்டும். திரும்பி வந்ததும் ராஜராஜனின் இரட்டபாடி வெற்றியையும் ஹொட்டூர்க் கல்வெட்டின் சுருக்கத்தையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதிப்போட்டு, போர்ப் பாதையில் இருந்த ஒரு சிற்றூர்க்காரர் இதை எப்படிச் சொல்லியிருப்பார் என்று எழுதச் சொல்லுங்கள். அந்தப் பதிலுக்கு மதிப்பெண் போடுவது சிரமம்தான், இருந்தாலும் எழுதட்டும்.

அதோடு, கல்வெட்டுகளைப் படியெடுக்கும் பழக்கத்தையும் பிள்ளைகளுக்கு உண்டாக்குங்கள். திருப்பணி என்ற பெயரில் எழுத்துள்ள கற்கள் தலைகீழாகப் பதிக்கப்பட்டும் சிமென்ட் பூச்சுக்குள் மறைந்தும் கிடப்பதைப் பல கோயில்களில் காண்கிறோம். ஆயிரம் ஆண்டுக்கு முன் செம்பியன் மாதேவி திருக்கோடிக்காவில் செங்கல் கோயிலைக் கற்றளியாக மாற்றியபோது, பழைய கற்களில் இருந்த ஆவணங்களைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டுவித்தாள். இதுவும் ஒரு பழைய கல்லின் படி என்று அவற்றில் குறிப்பும் சேர்த்தாள். அந்த ஆவணங்களில் பல்லவர், பாண்டியர் காலத்தவையும் உண்டு, சோழ அரசிக்கு அவற்றால் ஆதாயம் ஏதும் இல்லை. உங்கள் மாணவர்கள் இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு தெளிவான படமும், ஊர்ப்பெயரும் சுவரின் திசையும் தேதியும் குறித்த ஒரு நோட்டுப் பக்கமும் அதே வேலையைச் செய்யும். அடுத்த குடமுழுக்குக்கு முன்னால் அதைத் தொடங்கிவிடுங்கள்.